'போலீஸ் நடவடிக்கை' என்றால் போர் இல்லையா? (வாசகர் கேள்வி-பதில்)

1949 ஜனவரியில் நேரு டெல்லியில் கூட்டிய இந்தோனீசிய மாநாட்டைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்தது. டச்சுக்காரர்கள் இந்தோனீசியாவை விட்டுப் போன விதத்துக்கும் மனித உரிமைச் சட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டுக் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் தந்திருக்கிறோம்.

கே: 1948 டிசம்பர் 10 அன்று மனித உரிமைப் பிரகடனத்துக்கு ஓட்டுப் போட்ட நெதர்லாந்து, 19-ம் தேதியே இந்தோனீசியக் குடியரசின் அன்றைய தலைநகர் யோக்யகர்த்தாவில் பாராசூட் படையை இறக்கியது. இதற்கு அவர்கள் சொன்ன நியாயம்தான் என்ன?
*ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர், ஆர்.கே.புரம்*

ப: "இது எங்கள் வீட்டு விவகாரம்" என்பதுதான். ஐ.நா. சாசனத்தின் 2(7) பிரிவு, ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் ஐ.நா. தலையிடாது என்கிறது. இந்தோனீசியா 1945 ஆகஸ்ட் 17 அன்றே சுதந்திரம் அறிவித்திருந்தாலும், இறையாண்மை இன்னும் தங்களிடம்தான் இருக்கிறது, நடப்பது போர் அல்ல, கலகத்தை அடக்கும் 'போலீஸ் நடவடிக்கை' என்று டச்சு அரசு வாதிட்டது.

பாரிஸில் பிரகடனத்துக்கு ஆதரவாக 48 ஓட்டு விழுந்தது. எதிர்ப்பு இல்லை. 8 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. பிரகடனத்தின் 2-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். ஒருவர் வாழும் நிலப்பகுதி சுதந்திர நாடா, பொறுப்பாட்சிப் பகுதியா, தன்னாட்சி இல்லாத பகுதியா என்று பார்த்து உரிமையில் பேதம் காட்டக் கூடாது என்று அதன் இரண்டாவது பத்தி சொல்கிறது. காலனி மக்களுக்காகவே சேர்த்த பத்தி அது. ஆனால் பிரகடனம் ஒப்பந்தம் அல்ல, மீறினால் இழுத்துப்போக நீதிமன்றமும் கிடையாது. அந்த இடைவெளியில்தான் ஒன்பது நாளில் விமானம் கிளம்பியது. மகுவோ விமானத்தளம் விழுந்தது. சுகர்ணோ, ஹத்தா, ஷாரிர் உள்ளிட்ட தலைவர்கள் பிடிபட்டார்கள்.

டச்சுக்காரர்களைப் பின்வாங்க வைத்தது பிரகடனம் என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மை வேறு. கெரில்லாப் போர் ஓயவில்லை. டச்சு ஆளுகையில் இருந்த இந்தோனீசியப் பகுதிகளுக்கான மார்ஷல் திட்ட (போருக்குப் பிந்தைய சீரமைப்பு) உதவியை அமெரிக்கா நிறுத்தியது. டச்சு விமானங்களுக்கு இந்தியா தன் வான்வழியை மூடியது. ஜனவரி 20 முதல் 23 வரை டெல்லி மாநாடு கூடி, 1950 ஜனவரி 1-க்குள் முழு அதிகாரத்தையும் ஒப்படைக்க வேண்டும் என்று கெடு வைத்தது. ஐந்து நாள் கழித்து, ஜனவரி 28-ல், பாதுகாப்பு சபை 67-வது தீர்மானத்தை நிறைவேற்றியது: மார்ச் 15-க்குள் இடைக்கால அரசு, அக்டோபர் 1-க்குள் தேர்தல், 1950 ஜூலை 1-க்குள் இறையாண்மை மாற்றம். சபை கொடுத்த அவகாசம் டெல்லி கேட்டதைவிட ஆறு மாதம் தாராளம். ஆனால் கடைசியில் இறையாண்மை கைமாறிய நாள் 1949 டிசம்பர் 27. டெல்லி வைத்த கெடுவுக்கு ஐந்து நாள் முன்னால்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டச்சுப் படையின் முதல் தாக்குதல் நடந்தது 1947 ஜூலை 21-ல். ஜூலை 30-ல் ஆஸ்திரேலியா சாசனத்தின் 39-வது பிரிவின்கீழும், இந்தியா 35(1)-ன்கீழும் பாதுகாப்பு சபைக்குப் போயின. நமக்குச் சுதந்திரம் வர அப்போது இன்னும் பதினாறு நாள் பாக்கி. ஆகஸ்ட் 1-ம் தேதி வந்த 27-வது தீர்மானம் இரு தரப்பும் சண்டையை நிறுத்த வேண்டும் என்றது. இது உள்விவகாரமா இல்லையா என்பதை மட்டும் சாமர்த்தியமாகத் தொடாமல் விட்டுவிட்டது.

கே: 'போலீஸ் நடவடிக்கை' என்ற சொல்லை நாமும் ஹைதராபாத்துக்குப் பயன்படுத்தினோமே. அது மட்டும் சரியா?
*வாசகர், மயூர் விஹார்*

ப: சங்கடமான கேள்வி. ஆனால் கேட்க வேண்டியதுதான். 1948 செப்டம்பர் 13 முதல் 17 வரை ஹைதராபாத்தில் நடந்ததற்கு டெல்லி வைத்த பெயர் அதுவே. மூன்று மாதம் கழித்து ஜாவாவில் அதே பெயரில் இரண்டாவது தாக்குதல் நடந்தபோது டெல்லி கொதித்தது. நிஜாம் ஆகஸ்டிலேயே பாதுகாப்பு சபைக்குப் போயிருந்தார். அங்கே நம் தரப்பு எடுத்த வாதமும் உள்விவகாரம் என்பதுதான். இரண்டும் ஒன்றல்ல என்று சொல்லக் காரணங்கள் உண்டு. ஹைதராபாத் கடல் தாண்டிப் பிடித்த காலனி அல்ல, நான்கு பக்கமும் இந்தியா சூழ்ந்த சமஸ்தானம். ஆனால் அதற்குப் பிறகு நடந்த கொலைகளை விசாரித்த சுந்தர்லால் குழு, இறந்தவர்கள் 27,000 முதல் 40,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அந்த அறிக்கை பல பத்தாண்டுகள் வெளிச்சத்துக்கே வரவில்லை. டச்சுக்காரரைக் கேட்கிற கேள்வியை நம்மையும் கேட்டுக்கொள்வதுதான் முறை.

பெயர் மாறினால் என்ன ஆகும்? அதுதான் இங்கே முக்கியம். போர் என்றால் எதிரில் நிற்பவன் வீரன். பிடிபட்டால் போர்க்கைதி, அவனைச் சுடக் கூடாது. 1907 ஹேக் விதிகளிலேயே இது இருக்கிறது. போலீஸ் நடவடிக்கை என்றால் எதிரில் நிற்பவன் கொள்ளைக்காரன், 'பயங்கரவாதி'. போர் விதிகள் அவனுக்குப் பொருந்தாது என்று சொல்லிவிடலாம். போலீஸ் விதிகளாவது பொருந்துமா என்றால் அதுவும் இல்லை. ஏனென்றால் களத்தில் இருப்பது ராணுவம்.

தெற்கு சுலாவெசியில் 1946 டிசம்பர் முதல் கேப்டன் வெஸ்டர்லிங்கின் படை வேலை செய்த விதம் இது: விடியும் முன் கிராமத்தைச் சுற்றி வளைப்பது, எல்லோரையும் திடலுக்குத் துரத்தி வருவது, ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே உட்கார வைப்பது, பட்டியலோ காட்டிக்கொடுப்பவரின் விரலோ சுட்டியவர்களை அங்கேயே எல்லோர் கண் முன்னும் சுடுவது. விசாரணை கிடையாது. சில மாதத்தில் 3,000-க்கும் மேற்பட்டோர் என்பது டச்சுத் தரப்பு ஆய்வாளர்களின் கணக்கு. இந்தோனீசியாவில் 40,000 என்ற எண் நிலைத்துவிட்டது. அந்த எண் நினைவுச்சின்னங்களுக்கு உரியது, ஆவணங்களில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் 3,000 என்பதே விசாரணையில்லாத கொலை என்ற குற்றத்துக்குத் தாராளமாகப் போதும்.

கே: ராவகெடே வழக்கு மனித உரிமைச் சட்டத்தின் வெற்றி என்று வகுப்பில் சொன்னார்கள். 60 ஆண்டுக்கும் மேல் கழித்துப் போட்ட வழக்கு காலவரம்பில் எப்படி அடிபடாமல் தப்பியது?
*சட்டம் படிக்கும் மாணவி, முனிர்க்கா*

ப: முதலில் ஒரு திருத்தம். அது மனித உரிமை ஒப்பந்தத்தின்கீழ் ஜெயித்த வழக்கு இல்லை. டச்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் அரசு மீது போட்ட நஷ்டஈட்டு வழக்கு. ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தம் அமலுக்கு வந்ததே 1953-ல், அதற்கு முந்தைய கொலைகளுக்கு அது நீளாது.

சம்பவம்: மேற்கு ஜாவாவில் கராவாங் அருகே ராவகெடே கிராமம், 1947 டிசம்பர் 9. ஒரு கெரில்லாத் தலைவரைத் தேடி வந்த டச்சுப் படை, அவர் கிடைக்காததால் ஊர் ஆண்களை வரிசையாக நிறுத்திச் சுட்டது. கிராமத்தார் சொல்லும் எண்ணிக்கை 431. டச்சு அரசு ஒப்புக்கொண்டது 150. அடுத்த மாதமே ஐ.நா. குழு விசாரித்து, வேண்டுமென்றே செய்த ஈவிரக்கமற்ற செயல் என்று எழுதியது. படைத்தளபதி ஸ்பூரும் காலனியின் அரசு வழக்குத் தலைமை அதிகாரியும் கடிதம் பரிமாறிக்கொண்டு, வழக்குத் தொடர வேண்டாம் என்று கோப்பை மூடினார்கள். இந்தக் கோப்பு பின்னால் அரசுக்கே வினையாக வந்தது.

2011 செப்டம்பர் 14 தீர்ப்பில் ஹேக் நீதிமன்றம் காலவரம்பை ரத்து செய்யவில்லை. காலவரம்பு கடந்துவிட்டது, ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்க அரசுக்கு இந்த வழக்கில் தகுதியில்லை என்றது. டச்சு சட்டத்தில் 'நியாயமும் நேர்மையும்' என்றொரு கோட்பாடு உண்டு. ஒரு விதியை அப்படியே பிடித்துக்கொள்வது சகிக்க முடியாத அநியாயத்தில் முடியுமானால், நீதிமன்றம் அந்த விதியை ஒதுக்கி வைக்கலாம். அந்த வாசல் திறக்கக் காரணங்கள் இவை: கொலையின் கொடூரம் மிகக் கடுமையானது. நடந்தது என்ன என்று அரசுக்கு ஆரம்பத்திலேயே தெரியும், எனவே 'இத்தனை ஆண்டு கழித்து எப்படி எதிர்வாதம் செய்வது' என்று கேட்க முடியாது. தெரிந்தும் வழக்குத் தொடரவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சொத்து விவகாரங்களை நெதர்லாந்து அப்போதும் தீர்த்துக்கொண்டிருந்தது, ஆகவே அந்தக் காலகட்டம் முடிந்துபோன அத்தியாயம் இல்லை.

எங்கே தோற்றது என்பதும் பரீட்சைக்கு உதவும். விதவைகளுக்குத்தான் வாசல் திறந்தது. ஒரு மகளின் கோரிக்கையை அதே நீதிமன்றம் தள்ளிவிட்டது. நேரடியாகப் பாதிக்கப்பட்ட தலைமுறைக்கு மட்டுமே விதிவிலக்கு என்று கோடு போட்டது.

அரசு மேல்முறையீடு செய்யவில்லை. பேசி முடித்த தொகை ஆளுக்கு 20,000 யூரோ, அன்றைய மதிப்பில் சுமார் 14 லட்சம் ரூபாய். 2011 டிசம்பர் 9 அன்று டச்சுத் தூதர் அந்தக் கிராமத்துக்கே போய் மன்னிப்புக் கேட்டார்.

கே: அப்படியென்றால் மற்ற கிராமத்தாரும் வரிசையில் நின்று வாங்கியிருக்கலாமே?
*வாசகர், கரோல் பாக்*

ப: 2013 செப்டம்பரில் வந்த திட்டம் அதற்காகத்தான். காகிதத்தில் எளிமை. கோருபவர் விதவை என்பதற்குச் சான்று. கணவரை டச்சுச் சிப்பாய்கள் விசாரணையின்றிச் சுட்டார்கள் என்பதற்கு ஆதாரம். சம்பவம் ராவகெடே, தெற்கு சுலாவெசிக் கொலைகளோடு ஒப்பிடத்தக்கது என்பதற்கு ஆவணம். எல்லாம் கெடுவுக்குள். சரியாக இருந்தால் வழக்கில்லாமல் அதே 20,000 யூரோ.

சிக்கல் எல்லாமே இந்த நிபந்தனைகளை நிரூபிப்பதில்தான். ஜாவாவில் பலருக்கு ஒற்றைப் பெயர். ஒரே ஊரில் அதே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள். 1940-களில் கிராமத்தில் நடந்த கல்யாணத்துக்குப் பதிவுச் சான்றிதழ் இருக்காது. ஊர்ப் பெயரே மாறியிருக்கும், ராவகெடேவின் இன்றைய பெயர் பாலோங்சாரி. எல்லாவற்றையும் தாண்டி டச்சு ரோந்து அறிக்கையைக் கண்டுபிடித்தால், அதில் "தப்பியோட முயன்றபோது சுடப்பட்டார்" என்ற ஒற்றை வரி நிற்கும். நம் ஊர் 'என்கவுன்டர்' எஃப்.ஐ.ஆர். படித்தவர்களுக்கு அந்த வாக்கியத்தை விளக்க வேண்டியதில்லை. அந்த வரியை நம்பினால், விசாரணையில்லாத தண்டனைக் கொலை என்ற நிபந்தனை பூர்த்தியாகாது.

பிள்ளைகள் கதை இன்னும் மோசம். அவர்களுக்கு எதிராகவும் காலவரம்பைச் சொல்ல முடியாது என்று 2019 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. சந்தோஷப்படுவதற்குள் 2020 மார்ச்சில் தொகை வந்தது: குறைந்தபட்சம் 123 யூரோ 48 சென்ட், அதிகபட்சம் சுமார் 3,600 யூரோ. இதில் கணக்குப் பிழை கிடையாது. உரிமையியல் சட்டத்தில் பிள்ளைக்குக் கிடைப்பது, தந்தை உயிரோடிருந்தால் அவன் சாப்பாட்டுக்கும் துணிக்கும் செலவழித்திருக்கக்கூடிய பணம். தந்தை ஏழை விவசாயி, பிள்ளை சில வருடத்தில் வேலைக்குப் போயிருப்பான், பெருக்கிப் பார்த்தால் அவ்வளவுதான். துக்கத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. தந்தையைச் சுடுவதைப் பார்க்கும்படி கட்டாயப்படுத்தப்பட்ட ஒரு மகனுக்கு மட்டும் 10,000 யூரோ, அது வேறு தலைப்பில். கடைசியில் அதே ஆண்டு அக்டோபரில் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 5,000 யூரோ என்று அரசே ஒரு தொகை நிர்ணயித்தது.

கே: சுட்டவர்களில் யாராவது ஜெயிலுக்குப் போனார்களா?
*வாசகி, சரோஜினி நகர்*

ப: பெரிய படுகொலைகளுக்காக யாரும் போகவில்லை. 1969 ஜனவரியில் ஹூட்டிங் என்ற முன்னாள் சிப்பாய் டச்சுத் தொலைக்காட்சியில் தானும் பங்கெடுத்த கொடுமைகளைச் சொன்னார். நாடே கலங்கியது. அரசு சில மாதத்தில் ஓர் அறிக்கை தயாரித்தது. 'போர்க்குற்றம்' என்ற சொல்லை அது தொடவில்லை, 'அத்துமீறல்கள்' என்றது. மொத்தத்தில் படை ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது என்று முடித்தது. 1971-ல் போர்க்குற்றங்களுக்குக் காலவரம்பு கிடையாது என்று நெதர்லாந்து சட்டம் இயற்றியபோது, நாஜிகளுக்காக எழுதிய அந்தச் சட்டம் இந்தோனீசியாவில் நடந்த டச்சு 'அத்துமீறல்களை' எட்டவில்லை. இருபது ஆண்டுக்கும் முன் வைத்த 'போலீஸ் நடவடிக்கை' என்ற பெயர் இப்போது கவசமாக வேலை செய்தது.

அந்த நிலைப்பாடு கவிழ்ந்தது 2022 பிப்ரவரி 17-ல். மூன்று டச்சு ஆய்வு நிறுவனங்கள் நான்கு ஆண்டுக்கும் மேல் நடத்திய ஆய்வு, கடும் வன்முறை பரவலாகவும் திட்டமிட்ட முறையிலும் நடந்தது, அரசியல், ராணுவம், நீதித்துறை மூன்றும் அதைப் பொறுத்துக்கொண்டன என்றது. பிரதமர் ருத்தே அன்றே மன்னிப்புக் கேட்டார். மன்னர் 2020 மார்ச்சிலேயே இந்தோனீசியாவில் வைத்துக் கேட்டிருந்தார். இவ்வளவு நடந்தும் குற்றவியல் வழக்கு இல்லை. சுட்டவர்கள் பெரும்பாலும் போய்ச்சேர்ந்துவிட்டார்கள்.

கே: இந்தோனீசியர்கள் டச்சுக் குடும்பங்களைக் கொன்றதை எழுதவே மாட்டீர்களா?
*வாசகர், பெயர் குறிப்பிடவில்லை*

ப: எழுதுகிறோம். 1945 இறுதியில் தொடங்கிய 'பெர்சியாப்' காலத்தில் டச்சுக்காரர், கலப்பினத்தவர், மொலுக்கர், சீனர் எனப் பலர் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் இதில் உண்டு. 30,000 என்று முன்பு சொல்லப்பட்ட எண் ஆய்வில் நிற்கவில்லை, உறுதிப்படுத்த முடிந்தது சுமார் 6,000. அதுவும் கொடூரம்தான். அது நடந்ததால் 1947-ல் ராவகெடே விவசாயியைச் சுடலாம் என்று ஆகாது.

கே: தன்னுரிமை, அதாவது சுயநிர்ணய உரிமை, மனித உரிமையில் சேர்ந்தது எப்போது? நெதர்லாந்து எதிர்த்ததா, ஆதரித்ததா?
*ஆசிரியர், ஜனக்புரி*

ப: இரண்டும். எந்த ஆண்டு என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

1952 பிப்ரவரி 5-ல் ஐ.நா. பொதுச்சபை 545-வது தீர்மானத்தின் மூலம், எழுதப்படவிருந்த மனித உரிமை உடன்படிக்கையில் எல்லா மக்களுக்கும் சுயநிர்ணய உரிமை உண்டு என்ற பிரிவு இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. நெதர்லாந்து உட்படக் காலனி வைத்திருந்த நாடுகளுக்கு இது பிடிக்கவில்லை. அது அரசியல் கொள்கைதான், தனிமனித உரிமை அல்ல என்பது அவர்கள் கட்சி. தோற்றார்கள். 1966-ல் நிறைவேறிய இரண்டு உடன்படிக்கைகளிலும் முதல் பிரிவு அதுதான். நடுவே 1960 டிசம்பர் 14-ல் காலனியாட்சி ஒழிப்புப் பிரகடனம், 1514-வது தீர்மானம், 89 ஓட்டில் நிறைவேறியது. ஒதுங்கிய ஒன்பது நாடுகளில் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா உண்டு. நெதர்லாந்து இல்லை, அது ஆதரித்து ஓட்டுப் போட்டது. பன்னிரண்டு ஆண்டில் அவ்வளவு மாற்றம். கையில் மிச்சமிருந்த மேற்கு நியூகினியில் பப்புவா மக்களின் சுயநிர்ணயத்தைத் தாங்கள்தான் காக்கிறோம் என்று அப்போது அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இனி நம் பக்கம். இந்தியா 1979 ஏப்ரல் 10-ல் இந்த உடன்படிக்கைகளில் சேர்ந்தபோது முதல் பிரிவுக்கு ஒரு விளக்கம் இணைத்தது: சுயநிர்ணயம் அந்நிய ஆதிக்கத்தில் இருக்கும் மக்களுக்கு மட்டும்தான், சுதந்திர நாட்டுக்கோ அதன் ஒரு பகுதி மக்களுக்கோ பொருந்தாது. காஷ்மீரையும் வடகிழக்கையும் மனதில் வைத்த வாக்கியம் என்பது வெளிப்படை. இதை எதிர்த்து ஆட்சேபம் எழுதிக்கொடுத்த நாடுகளில் ஒன்று, 1981 ஜனவரி 12-ல், நெதர்லாந்து! அந்த உரிமை எல்லா மக்களுக்கும் உரியது, சுருக்கினால் அதன் பொதுத்தன்மையே கெடும் என்றது. 1948-ல் டெல்லி, டச்சு அரசு இருக்கும் ஹேக்குக்கு எடுத்த பாடத்தை 1981-ல் ஹேக் டெல்லிக்குத் திருப்பி எடுத்தது. சட்டப்படி ஹேக் சொன்னது சரியென்றே நமக்குப் படுகிறது. சொல்லும் வாய் எது என்பது எரிச்சலூட்டுகிறது, அவ்வளவுதான்.

கே: பப்புவாவைக் கடைசியில் என்ன செய்தார்கள்?
*வாசகர், துவாரகா*

ப: 1962 ஆகஸ்ட் 15 நியூயார்க் ஒப்பந்தப்படி ஐ.நா.விடம் கொடுத்தார்கள். 1963 மே 1 அன்று அது இந்தோனீசியாவின் கைக்குப் போனது. இந்தோனீசியாவோடு இருப்பதா வேண்டாமா என்று பப்புவா மக்கள் முடிவு செய்யும்போது, வயதுவந்த ஆண், பெண் எல்லோருக்கும் பங்கேற்கத் தகுதி உண்டு என்று ஒப்பந்தம் சொன்னது. 1969-ல் நடந்தது என்ன? அதிகாரிகள் தேர்ந்தெடுத்த 1,022 பேர் கூடி, கலந்தாலோசனை என்ற பெயரில், ஒருவர்கூட மாறாமல் இந்தோனீசியாவோடு இருப்பதாகச் சொன்னார்கள். அதைக் 'குறித்துக்கொள்ளும்' பொதுச்சபைத் தீர்மானத்தை முன்மொழிந்த நாடுகளில் நெதர்லாந்தும் ஒன்று.

கே: பழைய எஜமானன் மனித உரிமை பேசினால் எடுபடுமா?
*வாசகி, வசந்த் குஞ்ச்*

ப: எடுபடாமல் போனதற்கு உதாரணம் கையில் இருக்கிறது. 1967 முதல் இந்தோனீசியாவுக்கு உதவி தரும் நாடுகளின் கூட்டமைப்புக்கு நெதர்லாந்துதான் தலைமை. 1991 நவம்பர் 12-ல் கிழக்குத் தீமோரின் திலி நகரில், சாந்தா குரூஸ் கல்லறைத் தோட்டத்துக்கு ஊர்வலம் போனவர்களை இந்தோனீசிய ராணுவம் சுட்டது. டச்சு அமைச்சர் யான் பிரோங்க் கண்டித்து, உதவியை அதோடு முடிச்சுப் போட்டார். இந்தோனீசிய அதிபர் சுகார்த்தோ 1992 மார்ச்சில் டச்சு உதவியே வேண்டாம் என்றார். கூட்டமைப்பைக் கலைத்தார். காலனிக் காலத்து மிரட்டல் இது என்பது ஜகார்த்தாவின் பதில். உலக வங்கித் தலைமையில் வேறு கூட்டமைப்பு உருவாகிப் பணம் வழக்கம்போல் வந்தது.

பிரோங்க் சொன்னது பொய்யா? இல்லை. சுகார்த்தோ சொன்ன வரலாறு பொய்யா? அதுவும் இல்லை. ஆனால் அந்த வரலாற்றைத் திலி பிணங்களின்மேல் போர்வையாகப் போட்டார், அதுதான் தவறு. இந்தச் சிக்கலைத் தாண்டியவர் என்று ஒருவரைச் சொல்லலாம்: ஹேக் நகரில் பிறந்த போங்கே பிரின்சென். 1948-ல் டச்சுப் படையிலிருந்து ஓடி இந்தோனீசியக் கெரில்லாக்களுடன் சேர்ந்தார். பிறகு அந்த நாட்டுக் குடிமகனாகி, சுகர்ணோ காலத்திலும் சுகார்த்தோ காலத்திலும் சிறைக்குப் போனார், கைதிகளுக்காக மனித உரிமை அமைப்பு நடத்தினார். நெதர்லாந்தில் முன்னாள் சிப்பாய்களுக்கு அவர் கடைசிவரை துரோகி.

கே: 2023-ல் ருத்தே 1945 ஆகஸ்ட் 17-ஐச் சுதந்திர நாளாக ஏற்றுக்கொண்டாரே. அப்புறம் என்ன பாக்கி?
*வாசகர், நொய்டா*

ப: ஜூன் 14-ல் நாடாளுமன்றத்தில் "முழுமையாக, தயக்கமின்றி" ஏற்பதாகச் சொன்னார். பாக்கி கணக்குதான். 1949 வட்டமேஜை ஒப்பந்தத்தில், விடுதலையின் விலையாக காலனி அரசின் கடன் 400 கோடி கில்டருக்கும் (அன்றைய டச்சு நாணயம்) மேல் இந்தோனீசியா தலையில் ஏற்றப்பட்டது. தன்னை அடக்க வந்த படையெடுப்பின் செலவும் அதில் அடக்கம் என்று அந்நாட்டுப் பிரதிநிதிகள் அப்போதே கொதித்தார்கள். 1956-ல் சுகர்ணோ கட்டுவதை நிறுத்தும்வரை கணிசமாகக் கட்டியிருந்தார்கள். 1945-லேயே சுதந்திர நாடு என்றால் அந்தப் பில் எதற்கு?

கே: மூல ஆவணங்களை டெல்லியில் இருந்தபடியே பார்க்க வழி உண்டா?
*ஆய்வு மாணவர், ஜே.என்.யு.*

ப: உண்டு, முக்கால்வாசி இலவசம். ஐ.நா. மின்னூலகத்தில் தீர்மான எண், ஆண்டு இரண்டையும் போட்டால் வரும். 67-வது தீர்மானத்தின் பழைய ஆவண எண் எஸ்/1234. உடன்படிக்கைக்கு இந்தியா எழுதிய விளக்கமும் டச்சு ஆட்சேபமும் ஐ.நா. ஒப்பந்தத் தொகுப்பு இணையதளத்தில் 4-வது அத்தியாயத்தில் இருக்கின்றன. வெளியுறவுத் துறைக் கோப்புகளுக்கு ஜன்பத் தேசிய ஆவணக் காப்பகம். நேரில் போகும் முன் 'அபிலேக் படல்' தளத்தில் பதிவு செய்து தேடி, கோப்பு எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். வெறுங்கையோடு போனால் ஒரு நாள் வீண். டச்சு நாளிதழ்களுக்கு 'டெல்ஃபர்' தளம். ஹேக் தேசியக் காப்பகத்தில் காலனி அரசின் தலைமைச் செயலகக் கோப்புகள் 2.10.14 என்ற எண்ணில் உள்ளன.

பெரும்பாலோர் தடுக்கி விழுவது எழுத்துக்கூட்டலில். இந்தோனீசிய எழுத்துமுறை 1947-லும் 1972-லும் மாறியது. சுகர்ணோவின் 'சு'வில் உள்ள உகரம் அன்று ஓ, ஈ என்ற இரண்டு ஆங்கில எழுத்து, 1947 முதல் யூ. ஜகார்த்தாவின் 'ஜ' அன்று டி, ஜே இரண்டும் சேர்ந்து, இன்று ஜே மட்டும். யோக்யகர்த்தாவின் 'யோ' அன்று ஜே-யில் தொடங்கும், இன்று ஒய்-யில். ஆகவே பழைய தாளில் ஜே-யைப் பார்த்து 'ஜ' என்று படித்தால் ஊரே மாறிவிடும். ஒவ்வொரு ஊரையும் இரண்டு மூன்று விதமாக எழுதித் தேடுங்கள்.

அகராதியில் 'போர்' என்பதற்கான டச்சுச் சொல்லை எடுத்துப் போட்டுத் தேடாதீர்கள், அன்றைய ரோந்து அறிக்கையில் அது அபூர்வம். 'நடவடிக்கை', 'துப்புரவு', 'தப்பியோட முயன்றபோது' என்பவற்றுக்கு உரிய சொற்களைப் போடுங்கள்.